பகடையும் பழைய நண்பர்களும்

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் தொடர்வண்டியையே நாடுவார்கள். அரக்கோணம் தடத்தில் சென்னைக்கு வந்து, அங்கே வண்டி மாறி, கூடூர் தடத்தில் வடக்கே போக வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே மாவட்டத்தின் இரு மூலைகள்தாம். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைப் பிரித்து 1997-இல் திருவள்ளூர் மாவட்டத்தை அமைத்தபோது, ஆற்றுப்பாசன ஊர்களும் ஆலைப்புகை ஊர்களும் ஒரே குடும்பத்தில் வந்து சேர்ந்தன. ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேர்வழியில் செல்வோர் சிலரே. நாங்கள் மூவர் 2024 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அந்த நேர்வழியில் புறப்பட்டோம். எங்களுள் நான்காமவனைத் தேடிச் செல்வதே பயணத்தின் நோக்கம்.

அன்பு வாசகர்களே, இது ஓர் ஊரைப் பற்றிய கட்டுரை. ஒரு விளையாட்டைப் பற்றிய கட்டுரையுங்கூட. இதில் வரும் நண்பரும் அவர் துணைவியாரும் இசைவு தந்த பின்னரே இதை எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

ஆற்றங்கரை வழியே

நண்பர் ஒருவரின் பழைய காரில் பூண்டி வழியாகச் சென்றோம். சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் பெற்ற பூண்டி நீர்த்தேக்கம், 1944-இல் கொற்றலையாற்றைத் தடுத்துக் கட்டி முடிக்கப்பட்டது. சென்னை நகரத்தார் பருகும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்தே செல்கின்றது. கோடையாதலால் நீர் உள்வாங்கி, கரையோரச் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இதற்கு அப்பால்தான் அத்திரம்பாக்கம். அங்கே அகழ்ந்தெடுத்த கற்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் அறிஞர்கள் அறிவித்தார்கள். அத்தனை காலமாக மனிதன் நடமாடிய மண் இது.

சீத்தஞ்சேரி, ஊத்துக்கோட்டை கடந்து ஆரணியாற்றின் போக்கிலேயே பெரியபாளையம் வந்தோம். ஆடி மாதத்தில் நிற்க இடமின்றி மக்கள் கூடும் அவ்வூர், அன்று வெயிலில் உறங்கிக்கொண்டிருந்தது. பின்னர் ஆரணி, புதுவாயல். அங்கே தேசிய நெடுஞ்சாலையை அடைந்தவுடன் காட்சி முற்றிலும் மாறிவிடுகிறது. கல்கத்தாவை நோக்கி விரையும் சரக்கு லாரிகள்; இருமருங்கிலும் உணவுச்சாலைகள்; இரும்புக் கம்பிகளைச் சுமந்து அசைந்து செல்லும் நீண்ட வண்டிகள். கவரைப்பேட்டையைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டியின் புகைக்கூண்டுகள் கண்ணுக்குத் தெரியும்.

பூண்டியருகே ஒரு சிற்றூரில் பிறந்த நாங்கள் நால்வரும் இந்த வழியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்து கடந்தவர்கள். கால்களால் அல்ல, கற்பனையால். எங்கள் விளையாட்டில் ஆரணியாறுதான் கங்கை. சத்தியவேடு மலைக்காடுதான் காண்டவ வனம்.

கூத்து தந்த விளையாட்டு

அந்த விளையாட்டு பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். வட தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில், திரௌபதியம்மன் கோயில் திருவிழாவின்போது பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும். வில்லிபுத்தூரார் பாடிய பாரதமே பிரசங்கத்துக்கு அடிப்படை. கூத்தோ இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி, கிழக்கு வெளுக்கும்வரை நடக்கும். அர்ச்சுனன் தபசு, பகடை துகில், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஒவ்வோர் இரவுக்கும் ஓர் ஆட்டம். இறுதி நாளன்று மண்ணால் செய்த மிகப் பெரிய துரியோதனன் உருவம் படுகளத்தில் மல்லாந்து கிடக்கும்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன். எனினும் கூத்துக்குப் போகாதே என்று வீட்டில் எவரும் தடுத்ததில்லை. 1983-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், பக்கத்து ஊர்க் களத்துமேட்டில் பாயை விரித்து, நாங்கள் நால்வரும் பல இரவுகள் கண் விழித்தோம். மரக்கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும் புஜக்கட்டைகளும் விளக்கொளியில் மின்ன, திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைப் பாடிவிட்டு வேடதாரி வெளியே குதிப்பார். பகலில் எங்கள் கண்ணெதிரே ஏர் ஓட்டியவரே அவர் என்பதை அந்நொடியில் மறந்துபோவோம்.

கூத்தில் எங்களை மிகவும் கவர்ந்தவர் கட்டியங்காரன். அவர் மன்னர் வருகையை அறிவிப்பார், கதையை எடுத்துரைப்பார், வேடதாரியைக் கேள்வி கேட்பார், கிண்டல் செய்வார். சபையைப் பார்த்து அன்றைய அரிசி விலையையும் பேசுவார். எழுதிவைத்த வசனம் சிறிதே. மற்றதெல்லாம் அவ்விடத்தில் பிறப்பது. கட்டியங்காரன் எதைக் கேட்பாரென்று துரியோதனனுக்கும் தெரியாது. கேட்டதற்கு அவன் துரியோதனனாகவே நின்று விடை சொல்ல வேண்டும்.

கூத்து முடிந்த மறுவாரம், எங்கள் வீட்டுத் திண்ணையில் தாயக்கட்டையை உருட்டிக்கொண்டிருந்தபோது ஒருவன் கேட்டான்: "கர்ணன் தன் பிறப்பை முதலிலேயே அறிந்து, பாண்டவரோடு சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" பெரியவர்கள் எவரிடம் கேட்டாலும், அப்படி நடக்கவில்லையே என்பார்கள். எங்களுக்கு அது போதவில்லை. நடத்திப் பார்ப்போம் என்றோம்.

கேள்வி கேட்டவனே கர்ணனானான். உடல் பருத்தவன் பீமன். வாய்த்துடுக்கு மிக்கவன் கட்டியங்காரன். எல்லாம் தெரிந்தும் கேட்டாலன்றி வாய் திறவாத சகாதேவன் என் பங்குக்கு வந்தான். பின்னாளில் நான் ஏற்ற பணிக்கு அது பொருத்தமாகவே அமைந்தது என்று நண்பர்கள் இன்றும் சிரிப்பார்கள்.

தாயம் விழும் கணக்கு

ஆட்டம் எளியது. கட்டியங்காரன் ஒரு நிலைமையைச் சொல்வான்: "ஆற்றில் வெள்ளம். மறுகரையில் ஓர் அசுரன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். என்ன செய்வீர்?" நாங்கள் அவரவர் வேடத்தில் நின்று பதில் சொல்வோம். செயல் கைகூடுமா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும்.

பித்தளைத் தாயக்கட்டையை அறியாத இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நீண்ட கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள். அவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றுள் தாயம், அதாவது ஒன்று, விழுவது 2 விதத்தில். இரண்டும் நான்கும் தலா 3 விதத்தில். மூன்று 4 விதத்தில். ஐந்து 2 விதத்தில். ஆறு விழுவது ஒரே விதத்தில். இரண்டு கட்டையும் வெறுமை காட்டினால் பன்னிரண்டு. அதுவும் ஒரே விதத்தில்தான். ஆகவே இரண்டும் மூன்றும் நான்கும் அடிக்கடி வரும். ஆறும் பன்னிரண்டும் அரிதாகவே வரும். இந்தக் கணக்கைச் சிறுவர்களாகிய நாங்கள் தாளில் போட்டுப் பார்த்ததில்லை, விரல்களே அறிந்துகொண்டன. மூன்று விழுந்தால் முயற்சி பாதி பலிக்கும். தாயம் விழுந்தால் முழு வெற்றி. பன்னிரண்டு விழுந்தால் நினையாத அற்புதம். ஆறு விழுந்தால் வில் முறியும்.

மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். முதலாவது: பந்தயம் கூடாது, புளியங்கொட்டைகூடப் பந்தயமாக வைக்கக் கூடாது. இரண்டாவது: வேடத்துக்கு ஒவ்வாத சொல்லைப் பேசக் கூடாது. மூன்றாவது: இன்று நடந்தது நடந்ததே, அடுத்த ஆட்டம் அங்கிருந்தே தொடங்கும். நடந்ததையெல்லாம் கட்டியங்காரன் ஒரு நோட்டில் எழுதிவைத்தான். வென்றவர் இவர், தோற்றவர் இவர் என்ற பேச்சே அந்த நோட்டில் கிடையாது. கதை வளர்ந்தது, நாங்களும் வளர்ந்தோம்.

பீமன் உடற்பயிற்சி ஆசிரியரானான். கட்டியங்காரன் அஞ்சலகத்தில் அமர்ந்தான். நான் குருமடம் சென்றேன். கர்ணன் 1992-இல் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் சேர்ந்தான். ஆயினும் ஆண்டுதோறும் சித்திரையில் ஒரு சனிக்கிழமை இரவு நால்வரும் ஒன்றுகூடத் தவறியதில்லை. அவ்விரவில் எனக்கு அங்கி இல்லை. அவர்களுக்குக் குடும்பக் கவலை இல்லை. நோட்டுகள் பதினொன்றாயின.

2020-லும் 2021-லும் கொரோனா எங்களைப் பிரித்தது. 2022-இல் மீண்டும் கூடினோம், கர்ணன் வரவில்லை. ஆலையில் இரவு முறை என்றான். 2023-லும் அதையே சொன்னான். 2024-இல் கர்ணனின் மகன் எனக்குத் தொலைபேசியில் பேசினான்: "சாமி, அப்பா வீட்ல யார்கிட்டயும் பேசறதில்ல. நீங்க ஒருதரம் வந்துட்டுப் போகணும்."

புகைக்கூண்டுகளின் ஊரில்

தமிழ்நாடு அரசு தொழில்வளர்ச்சிக்காக 1971-இல் சிப்காட் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. அது அமைத்த தொழிற்பேட்டைகளுள் கும்மிடிப்பூண்டியும் ஒன்று. துறைமுகமும் இரயில் தடமும் நெடுஞ்சாலையும் அருகே இருப்பதால் இரும்பு உருட்டும் ஆலைகளும் இரசாயனத் தொழிற்சாலைகளும் இங்கே பெருகின. பழைய இரும்பை உலையிலிட்டு உருக்கி, செந்தழலாக வரும் பாளத்தை உருளைகளுக்கிடையே செலுத்திக் கம்பியாக நீட்டுவார்கள். அந்த உலைமுகத்தில் முப்பது ஆண்டுகள் நின்றவன் எங்கள் கர்ணன். சூரியனின் மகனுக்கு ஏற்ற வேலை என்று தானே சொல்லிச் சிரிப்பான்.

ஊருக்குள் நுழையும்போது மாலை முறை மாறும் நேரம். மிதிவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் சாலையை நிறைத்தன. தேநீர்க் கடையில் தமிழும் தெலுங்கும் ஒடியாவும் இந்தியும் ஒருங்கே ஒலித்தன. ஆந்திர எல்லை அருகிலேயே இருப்பதால் தெலுங்கு இங்கே புதிதன்று. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்களின் மொழிகளே பின்னால் வந்து சேர்ந்தவை. ஈழத்துப் போரினால் வீடிழந்து வந்த மக்களின் முகாமும் இவ்வூரில் உண்டு. வந்தவர்கள் பலர், வேரூன்றியவர் சிலர். எட்டு மணி நேரம் இரும்போடு போராடியபின் அறைக்குத் திரும்பும் மனிதனுக்குத் துணை கைப்பேசிதான்.

அந்தக் கைப்பேசியே எங்கள் கர்ணனை வீழ்த்தியது. ஊரடங்கு நாள்களில் பொழுதுபோக்காகத் தொடங்கிய இணையச் சீட்டாட்டம். முதலில் சிறு தொகை கிடைத்தது. பிறகு இழந்ததை மீட்க ஆடினான். மீட்கக் கடன் வாங்கினான். கடனை அடைக்க மீண்டும் ஆடினான். மூன்றாண்டுகளில் மகளின் திருமணத்துக்காகச் சேர்த்த நகையும் சேமிப்பும் கரைந்தன. யாருக்கு எது வேண்டுமென்றாலும் கேட்குமுன் கொடுப்பவன் அவன். தனக்கென்று ஒருவரிடம் கேட்கத் தெரியாதவன். கவச குண்டலத்தைக் கழற்றிக் கொடுத்தபின் வெறும் மார்போடு நின்றவனைப் போல, வாசலில் நின்றிருந்தான். எங்களைக் கண்டதும் உள்ளே போய்விட்டான்.

மாடி அறையில் ஒரு மேசை

அவன் முகம் கொடுக்க மறுத்த அந்த நேரத்தில் மகன் எங்களை மாடிக்கு அழைத்துச் சென்றான். தொழிற்பயிற்சி முடித்து வேறோர் ஆலையில் வேலை பார்க்கும் பிள்ளை. மாடியறையில் அவனுடைய நண்பர்கள் நால்வர், ஒருவன் ஒடிசாக்காரன், ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். மேசைமேல் தாள்கள், பென்சில்கள், பல வடிவப் பகடைகள். நான்கு முகம் கொண்டது, எட்டு முகம் கொண்டது, இருபது முகம் கொண்டது. அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை என்றும், பேய் பூதமெல்லாம் வருவதால் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் இனி அனுமதிப்பதாக அவர் சொல்லியிருக்கிறார் என்றும் மகன் கூறினான்.

அரைமணி நேரம் அமர்ந்து பார்த்தேன். ஒருவன் கதை சொல்கிறான். மற்றவர்கள் ஒருவன் மாவீரன், ஒருவன் மந்திரவாதி, ஒருவன் திருடன் என்று வேடம் ஏற்றிருக்கிறார்கள். "குகைக்குள் நாகம் உறங்குகிறது; என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறான். அவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள், பகடை உருள்கிறது. பீமன் என் விலாவில் இடித்து, "டேய், இது நம்ம ஆட்டம்டா!" என்றான். அஞ்சலகக் கட்டியங்காரனோ அங்கே கதை சொன்ன பையனை, ஒரு கலைஞன் மற்றொரு கலைஞனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னர் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1824-இல் பிரஷ்ய நாட்டு இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர், அதிகாரிகளின் பயிற்சிக்காக வரைபடத்தின்மேல் ஆடும் போர் விளையாட்டு ஒன்றை வகுத்தார். அதில் பகடையும் உண்டு. தீர்ப்புச் சொல்லும் நடுவரும் உண்டு. அவ்வகை விளையாட்டுகள் பின்னர் பொதுமக்களிடையே பரவின. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர், படைகளுக்குப் பதிலாக ஆளுக்கொரு பாத்திரம் என்று அதை மாற்றி, 1974-இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். முதற்பதிப்பு ஆயிரம் பெட்டிகளே. காப்பீட்டு நிறுவனத்தில் வேலை இழந்தபின் செருப்புப் பழுதுபார்த்துப் பிழைத்தவர் கைகாக்ஸ். இன்று அவ்விளையாட்டு உலகெங்கும் ஆடப்படுகிறது.

1980-களில் அமெரிக்காவிலும் பெற்றோர் பலர், இது பிள்ளைகளைப் பேய் வழிபாட்டுக்கு இழுத்துச் செல்லும் என்று அஞ்சிக் கிளர்ச்சி செய்தனர். அந்த அச்சம் ஆதாரமற்றது என்று காலம் காட்டிவிட்டது. இத்தகைய கற்பனைகளுக்கு ஊற்றாக அமைந்த நூல்களுள் ஒன்று, 1954, 1955-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'மோதிரங்களின் தலைவன்'. அதன் ஆசிரியர் டோல்கீன் ஆழ்ந்த கத்தோலிக்கர். அவரும் ஆக்ஸ்ஃபோர்டில் தம் நண்பர் குழுவில் அமர்ந்து, எழுதியதை உரக்கப் படித்துக் காட்டியே அக்கதையை வளர்த்தார். நல்ல கதை தனிமையில் பிறக்கலாம். நண்பர் நடுவில்தான் வளர்கிறது.

தெருக்கூத்திலே பகாசுரன் வருகிறான். அதனால் பார்ப்பவர் அசுரராகிவிடுவதில்லை. இந்தப் பிள்ளைகளும் ஆறு நாள் இரும்போடு உழைத்துவிட்டு, ஓய்வு கிடைத்த மாலையில் ஒரு மேசையைச் சுற்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளை அந்த மேசையில்தான் தமிழ் கற்றுக்கொண்டானாம்.

பகடை யார் கையில்?

இரவு உணவுக்குப் பின் கர்ணன் கூடத்துக்கு வந்து சுவரோரமாக அமர்ந்தான். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. கட்டியங்காரன் பையிலிருந்து பதினோராவது நோட்டையும் தாயக்கட்டைகளையும் எடுத்துத் தரையில் வைத்தான். அப்பொழுதுதான் நாங்கள் எதிர்பாராதது நிகழ்ந்தது.

அடுக்களை வாசலில் நின்றிருந்த கர்ணனின் மனைவி, பகடையைக் கண்டதும் முகம் சிவந்தார். "இன்னுமா பகடை? ஆட்டத்தாலதான சாமி இந்த வீடு அழிஞ்சது! நீங்களும் அதையே கொண்டாந்து நடுவீட்ல வைக்கிறீங்களே!" என்றார். ஒருவரும் பேசவில்லை. என்னிடம் பதில் இல்லை; அந்தத் தாயின் கோபம் நியாயமானது. திருவள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். பாரதத்தின் அழிவெல்லாம் ஒரு பகடையிலிருந்தே தொடங்கியது. பகடை துகில் ஆட்டத்தில், நான் கண்ட துச்சாதன வேடதாரி, கற்பூரம் ஏற்றி வணங்கிய பின்னரே துகிலில் கை வைத்தார். சூது எவ்வளவு கொடியதென்று அந்த நாட்டுப்புறக் கலைஞருக்குத் தெரிந்திருந்தது.

சிறிது நேரங்கழித்துப் பீமன்தான் மெல்லச் சொன்னான்: "தங்கச்சி, நாப்பது வருசத்துல இந்தக் கட்டையால எங்கள்ல ஒருத்தன் ஒரு காசு இழந்ததில்ல, ஒருத்தன் ஒரு காசு சம்பாதிச்சதும் இல்ல. உனக்கு நம்பிக்கை இல்லன்னா, கட்டைய நீயே வச்சுக்க. நீ கொடுத்தாத்தான் உருட்டுவோம்." அவர் வந்து கட்டைகளை எடுத்துத் தம் முந்தானையில் முடிந்துகொண்டு, அங்கேயே அமர்ந்துவிட்டார்.

கட்டியங்காரன் குரலைத் தாழ்த்தித் தொடங்கினான்: "அஸ்தினாபுரத்துச் சபை. தருமர் நாட்டை இழந்தார், தம்பியரை இழந்தார். தலை குனிந்து நிற்கிறார். சகுனி பகடையைக் குலுக்கி, இன்னும் ஒரே ஒரு முறை, போனதெல்லாம் திரும்பிவிடும் என்கிறான். கர்ணா, நீ அவர் அண்ணன். பக்கத்தில் நிற்கிறாய். என்ன செய்வாய்?"

நெடுநேரம் மௌனம். கடைசியில் கர்ணன் சொன்னான்: "பேசமாட்டேன். பேசினா அவர் காதுல விழாது. கைய மட்டும் புடிச்சுக்குவேன். விடமாட்டேன்." கட்டியங்காரன் கட்டைக்காகக் கை நீட்டினான். கர்ணன் தலையசைத்து, "இதுக்குத் தாயம் போட வேணாம்டா" என்றான். பிறகு அவனாகவே பேசத் தொடங்கினான். யார் யாரிடம் எவ்வளவு கடன் என்று, மனைவிக்குக்கூடச் சொல்லாத தொகைகள் உட்பட, ஒவ்வொன்றாகச் சொன்னான். கட்டியங்காரன் அந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவற்றை எழுதிக் கூட்டினான். அம்மையார் எழுந்து உள்ளே சென்றார். ஐந்து டம்ளர் காப்பியுடன் திரும்பி வந்தார். பொழுது விடியும்வரை கணக்குப் பேசினோம்.

விடிந்தபின்

அந்த ஓர் இரவில் எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். வங்கி அட்டையும் சம்பளமும் அன்றே மனைவியின் கைக்கு மாறின. கடன்களை வரிசைப்படுத்தினோம். அரசின் மனநல உதவி எண்ணாகிய 14416-க்குப் பேசச் செய்து, அவர்கள் காட்டிய வழியில் மருத்துவ ஆலோசனைக்கும் சென்றான். ஆயினும் அவ்வாண்டு செப்டம்பரில் ஒருநாள் மீண்டும் ஆடிவிட்டான். அன்றிரவே பீமனைத் தொலைபேசியில் அழைத்து, "விழுந்துட்டேன்டா" என்று சொன்னான். மூன்றாண்டு ஒளித்தவன் மூன்று மணி நேரம்கூட ஒளிக்கவில்லை. அதையே நான் வெற்றியாக எண்ணுகிறேன். கடன் இன்னும் பாதி இருக்கிறது.

இவ்வகைச் சூதைத் தடுக்கத் தமிழகச் சட்டமன்றம் 2022-இல் மசோதா நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது சட்டமாயிற்று. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகச் சேர்த்த பகுதி செல்லாதென்று அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. சட்டம் வேண்டியதே. ஆனால் தனிமையைத் தடை செய்யும் சட்டம் எதுவும் இல்லை.

பகடை ஒன்றேதான். அதைச் சூதாக்குவன இரண்டு: பந்தயமும் தனிமையும். கைப்பேசிச் சீட்டில் ஒருவன் தனியே அமர்ந்து, முகம் அறியாதவர்களோடு மோதுகிறான். ஒவ்வோர் ஆட்டத்திலும் நடத்துகிற நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஆடுவோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பே மிஞ்சும். திண்ணை ஆட்டத்திலோ மாடியறை மேசையிலோ ஆறு விழுந்து வில் முறிந்தால், பக்கத்தில் இருப்பவன் தன் வில்லைத் தருகிறான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் விளையாடுகிறார்களே என்று கவலைப்படுமுன், யாரோடு விளையாடுகிறார்கள், எதை வைத்து விளையாடுகிறார்கள் என்று கேளுங்கள். நண்பரோடு, எதையும் வைக்காமல் என்று விடை வந்தால், இரண்டு டம்ளர் காப்பி அதிகமாகப் போட்டுக் கொடுங்கள்.

2025 சித்திரையிலும் கும்மிடிப்பூண்டியில்தான் கூடினோம். பன்னிரண்டாவது நோட்டைத் தொடங்கினோம். இம்முறை மாடியறைப் பிள்ளைகளும் கீழே இறங்கி வந்து, தங்கள் இருபது முகப் பகடையையும் கொண்டுவந்தார்கள். அதில் எல்லா எண்ணும் சமமாக விழும்; எங்கள் கட்டையில் நடுத்தரமே மிகுதியாக விழும். எது வாழ்க்கைக்கு நெருக்கமானது என்று இரு தலைமுறையும் நள்ளிரவுவரை வாதிட்டது. தாயக்கட்டைகள் இன்னும் அந்த அம்மையாரின் முந்தானையிலேயே இருக்கின்றன. அவர் அவிழ்த்துத் தந்தால்தான் ஆட்டம் தொடங்கும்.